பி.எஸ்.ஏ எகிறினா கேன்சர்தானா? புராஸ்டேட் தொற்றும் லேப் ரிப்போர்ட் எண்களும்... ஒரு முழு கைடு!

ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அனுப்பியது கல்லூரிக்கால நண்பன். அது ஒரு லேப் ரிப்போர்ட். அதில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: 'பி.எஸ்.ஏ - 18.4'. பக்கத்திலேயே, இயல்பான அளவு 4-க்குள் என்று அச்சாகியிருந்தது. அடுத்த மெசேஜ்: "மச்சான், கூகுள் பண்ணிப் பாத்தேன். கேன்சர்னு வருது. வீட்ல இன்னும் சொல்லல."

அவனுக்கு வயது 32. போன் பண்ணிப் பேசியபோதுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சிறுநீர் போகும்போது எரிச்சல். 'உடம்பு சூடு' என்று நினைத்து இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் என எல்லாம் செய்திருக்கிறான். மூணாவது நாள் தூக்கிப்போடுற அளவுக்குக் குளிர் காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மூணு நாளுக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டிருக்கிறான். காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டுவிட்டான். ஒரே வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தது. பயந்துபோய், டாக்டரைப் பார்க்காமல் நேராக லேபுக்குப் போய் 'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜ் எடுத்திருக்கிறான். அதில் வந்த எண்தான் இந்த 18.4.

மறுநாள் சிறுநீரகவியல் மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "காய்ச்சல் இருந்துச்சா?"

அவனுக்கு இருந்தது புராஸ்டேட் சுரப்பியில் பாக்டீரியா தொற்று. மருத்துவ மொழியில் 'அக்யூட் பாக்டீரியல் புராஸ்டடைட்டிஸ்'. புராஸ்டேட் என்றாலே தாத்தாக்களின் பிரச்னை என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால், 20, 30 வயதுகளிலும் இந்தத் தொற்று வரும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். சரியான நேரத்தில் சரியான டெஸ்ட் எடுத்தால், பெரும்பாலும் முழுசாகக் குணமாகிவிடும். அந்த டெஸ்ட்டுகள் என்ன சொல்கின்றன, எதைச் சொல்லாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புராஸ்டேட் எங்கே இருக்கு?

சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கும் சின்ன சுரப்பி இது. சிறுநீர் வெளியேறும் குழாய் இதன் நடுவில் நுழைந்துதான் போகிறது. வால்நட் அளவு என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்லும். நம்ம ஊர்க் கணக்கில் ஒரு பெரிய நெல்லிக்காய். இளைஞர்களுக்கு சுமார் 20 கிராம் எடை இருக்கும். விந்துவில் ஒரு பகுதித் திரவத்தைச் சுரப்பது இதன் முக்கிய வேலை.

குழாய் இதன் உள்ளேயே போவதால்தான் சுரப்பி வீங்கினால் சிறுநீர் நூல்போல வரும், விட்டுவிட்டு வரும், சில நேரம் வராமலே நின்றுபோகும்.

பாக்டீரியா எப்படி உள்ளே போகுது?

பெரும்பாலும் நம் குடலில் வசிக்கும் பாக்டீரியாக்கள்தான் காரணம். முதல் குற்றவாளி ஈ.கோலை. கிளெப்சியெல்லா, புரோட்டியஸ், சூடோமோனாஸ், என்டரோகாக்கஸ் போன்றவையும் உண்டு. சிறுநீர்க் குழாய் வழியாக மேலேறி, தொற்றுள்ள சிறுநீரோடு புராஸ்டேட்டின் நுண்குழாய்களுக்குள் இவை நுழைகின்றன. ஆஸ்பத்திரியில் கதீட்டர் போட்ட பிறகும், மலக்குடல் வழியாக புராஸ்டேட் பயாப்ஸி எடுத்த பிறகும் தொற்று வர வாய்ப்பு அதிகம்.

பாதுகாப்பற்ற உடலுறவு மூலம் வரும் கொனோரியா, கிளமிடியா கிருமிகளும் இளைஞர்களிடம் காரணமாக இருக்கலாம். டாக்டர் இதுபற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். அதற்கான டெஸ்ட்டும் மருந்தும் வேறு. துணைக்கும் சிகிச்சை தேவைப்படும். அதே சமயம், புராஸ்டேட் தொற்று என்றாலே 'தப்பான வழியில்' வந்தது என்று முத்திரை குத்துவதும் தவறு. குடல் பாக்டீரியாவால் வரும் தொற்றுக்கும் ஒருவரின் ஒழுக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சுய இன்பத்தால் வருகிறது என்பதும் கட்டுக்கதைதான்.

நாலு வகை இருக்கு!

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் வகுத்த பிரிவுகளைத்தான் உலகம் முழுக்க மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள்.

முதல் வகை, திடீரென்று காய்ச்சலோடு வரும் பாக்டீரியா தொற்று. நண்பனுக்கு வந்தது இதுதான்.

இரண்டாம் வகை, நாள்பட்ட பாக்டீரியா தொற்று. காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. ஆனால், சில மாதங்களுக்கு ஒருமுறை நீர்க்கடுப்பு வரும், மருந்தில் அடங்கும், மறுபடி வரும். ஒவ்வொரு முறை கல்ச்சர் எடுத்தாலும் அதே பாக்டீரியா சிக்கும். இதுதான் இந்த வகையின் அடையாளம்.

மூன்றாம் வகை, நாள்பட்ட இடுப்புக்குழி வலி. புராஸ்டடைட்டிஸ் என்று சொல்லப்படுவதில் மிகப் பெரும்பான்மை இதுதான். இதில் பாக்டீரியாவைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வருஷக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் பயன் இருக்காது. வலி மேலாண்மை, இடுப்புத் தசைக்கான பிசியோதெரபி, மன அழுத்தத்துக்கான கவனிப்பு என சிகிச்சை வேறு பாதையில் போகும்.

நான்காம் வகையில் எந்தத் தொந்தரவும் இருக்காது. வேறு எதற்கோ டெஸ்ட் எடுக்கும்போது அழற்சி இருப்பது தெரியவரும்.

மொத்த புராஸ்டடைட்டிஸ் நோயாளிகளில் பாக்டீரியாவால் பாதிக்கப்படுபவர்கள் 10-ல் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள் என்பதே பொதுவான கணக்கு. அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் டெஸ்ட்டுகள்.

இந்த அறிகுறி இருந்தா காத்திருக்காதீங்க!

* குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கூடவே சிறுநீர் எரிச்சல்
* விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், அடிவயிற்றில் அல்லது கீழ்முதுகில் வலி
* அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவது, முக்க வேண்டியிருப்பது
* சிறுநீர் சுத்தமாக நின்றுபோவது
* மலம் கழிக்கும்போது அல்லது விந்து வெளியேறும்போது வலி

காய்ச்சலும் சிறுநீர்ப் பிரச்னையும் சேர்ந்து வந்தால் அதே நாளில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் வராமல் நின்றாலோ, தலைசுற்றி, குழப்பமாகப் பேச ஆரம்பித்தாலோ நேராக எமர்ஜென்சிதான். பாக்டீரியா ரத்தத்தில் கலந்து 'செப்சிஸ்' ஆகிவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரட்டிப்பு கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு சுரப்பிக்குள்ளேயே சீழ்க்கட்டி உருவாகும் வாய்ப்பு அதிகம். இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது என 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு சொன்னது. இதை மறந்துவிடக் கூடாது.

சிறுநீர் டெஸ்ட்: முதல் துப்பு

சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அதில் இரண்டு கட்டங்கள் முக்கியம். ஒன்று, 'லூக்கோசைட் எஸ்டரேஸ்'. இது வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு நொதி. பாசிட்டிவ் என்றால், சண்டை போட வெள்ளை அணுக்கள் வந்திருக்கின்றன என்று அர்த்தம். இன்னொன்று, 'நைட்ரைட்'. ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் சிறுநீரில் இருக்கும் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். அதனால் நைட்ரைட் தெரிந்தால் பாக்டீரியா இருப்பது கிட்டத்தட்ட உறுதி.

ஆனால், நைட்ரைட் நெகட்டிவ் என்றால் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. என்டரோகாக்கஸ் போன்ற பாக்டீரியா இந்த மாற்றத்தைச் செய்யாது. சிறுநீர் பையில் சில மணி நேரம் தங்கியிருந்தால்தான் மாற்றம் நடக்கவும் நேரம் கிடைக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை பாத்ரூம் ஓடுபவருக்கு அது தெரியாமல் போகலாம்.

அடுத்தது யூரின் கல்ச்சர். எந்த பாக்டீரியா, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்வது இதுதான். ரிசல்ட் வர ரெண்டு, மூணு நாள் ஆகும். இங்கேதான் நண்பன் தவறு செய்தான். சாம்பிள் கொடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் போட்டுவிட்டால், பாக்டீரியா அரைகுறையாக அடங்கி, கல்ச்சரில் எதுவுமே வளராமல் போகலாம். உள்ளே திருடன் இருப்பான். கைரேகை மட்டும் கிடைக்காது. அதனால், சாம்பிள் கொடுத்த பிறகுதான் முதல் மாத்திரை. ரொம்ப மோசமான நிலையில் இருந்தால் ரத்தக் கல்ச்சரும் எடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்டரே சிகிச்சையை ஆரம்பிப்பார்.

சாம்பிள் எடுக்கும்போது முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் தாமதிக்காமல் லேபில் கொடுத்துவிடுங்கள்.

சி.ஆர்.பி: புகை தெரியும், வீடு தெரியாது

சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்பதன் சுருக்கம்தான் சி.ஆர்.பி. 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இரு விஞ்ஞானிகள் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் கல்லீரல் இதைச் சுரக்கும். சில மணி நேரத்தில் ஏற ஆரம்பித்து, சுமார் இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். மருந்து வேலை செய்தால் வேகமாக இறங்கும். அதனால், சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க இது நல்ல அளவுகோல்.

ஆனால், தீ எரிவது புராஸ்டேட்டிலா, நுரையீரலிலா, பல்லிலா என்று இது சொல்லாது. நாள்பட்ட தொற்றில் சி.ஆர்.பி இயல்பாகவே இருக்கவும் கூடும். தொற்று ரத்தத்தில் பரவியிருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், 'புரோகால்சிடோனின்' என்ற டெஸ்ட்டையும் ஆஸ்பத்திரியில் எடுப்பார்கள். தீவிர பாக்டீரியா தொற்றில் இது நன்றாக உயரும்.

பி.எஸ்.ஏ: எல்லோரையும் பயமுறுத்தும் எண்

பி.எஸ்.ஏ என்பது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். கெட்டியாக வெளிவரும் விந்துவை இளக்கி, விந்தணுக்கள் நீந்த வழிசெய்வதே இதன் வேலை. விந்துவில் இது ஏராளமாக இருக்கும். ரத்தத்தில் இருப்பதைவிட சுமார் பத்து லட்சம் மடங்கு அதிகம். சுரப்பியின் சுவர்கள் நன்றாக இருக்கும்வரை ரத்தத்தில் கொஞ்சம்தான் கசியும். தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விட்டால் பக்கத்துச் சுவரில் ஓதம் ஏறுகிற மாதிரி, சுரப்பி பாதிக்கப்படும்போது ரத்தத்தில் பி.எஸ்.ஏ ஏறும்.

கவனியுங்கள், விரிசலுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். கேன்சர் ஒன்று. வயதானால் வரும் சாதாரண வீக்கம் ஒன்று. கதீட்டர், பயாப்ஸி, ஏன், டெஸ்ட்டுக்கு முந்தைய ஓரிரு நாள்களில் விந்து வெளியேறியிருந்தால்கூட ஏறலாம். பாக்டீரியா தொற்று வந்தாலோ தாறுமாறாக எகிறும்.

பி.எஸ்.ஏ-க்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 1986-ல் முதலில் அனுமதி கொடுத்தது, ஏற்கெனவே புராஸ்டேட் கேன்சர் உள்ளவர்களைக் கண்காணிக்க. கேன்சரைக் கண்டறியும் பரிசோதனையில் பயன்படுத்த அனுமதி வந்தது 1994-ல். 4 நானோகிராம் என்ற எல்லை பிரபலமானதும் அப்படித்தான். அமெரிக்க நிபுணர் குழு 2018-ல் கொடுத்த பரிந்துரைப்படி, எந்த அறிகுறியும் இல்லாதவர்களில் 55 முதல் 69 வயதுக்காரர்கள்கூட டாக்டரிடம் நன்மை தீமை பேசிவிட்டுத்தான் இந்த டெஸ்ட்டை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். அப்படியிருக்க, 30 வயதுக்காரரின் பேக்கேஜில் இது எதற்கு?

தொற்றைக் கண்டுபிடிக்க பி.எஸ்.ஏ தேவையில்லை. காய்ச்சலும் தொற்றும் இருக்கும்போது எடுத்தால் வரும் எண்ணை வைத்து கேன்சர் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. ரத்தத்தில் இருக்கும் பி.எஸ்.ஏ பாதியாகக் குறைய ரெண்டு, மூணு நாள்தான் ஆகும். ஆனால், சுரப்பியின் காயம் ஆற வாரக்கணக்கில் ஆகும். அதனால், சிகிச்சை முடிந்து 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அப்போது இறங்கியிருந்தால் நிம்மதி. இறங்காமல் நின்றாலோ, ஏறினாலோ அலட்சியம் கூடாது. ஸ்கேன் போன்ற அடுத்தகட்டப் பரிசோதனை அவசியம்.

இன்னொரு விஷயம். முடி உதிர்வுக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது பி.எஸ்.ஏ அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

புராஸ்டேட் திரவம் சொல்லும் ரகசியம்

நாள்பட்ட தொற்று என்று சந்தேகம் வந்தால், தொற்று இருப்பது சிறுநீர்ப்பையிலா, புராஸ்டேட்டிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இதற்கு 1968-ல் மியர்ஸ், ஸ்டேமி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு வழி சொன்னார்கள். நாலு குப்பி டெஸ்ட்! முதல் குப்பியில் முதலில் வரும் சிறுநீர், ரெண்டாவதில் நடுவில் வருவது. பிறகு மருத்துவர் ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டை மென்மையாக அழுத்துவார். அப்போது வரும் திரவம் மூன்றாவது. அதன் பிறகு வரும் சிறுநீர் நான்காவது. கடைசி ரெண்டு குப்பிகளில் பாக்டீரியா பத்து மடங்கு அதிகமாக இருந்தால், ஒளிந்திருக்கும் இடம் புராஸ்டேட்தான். இப்போது பெரும்பாலும் அழுத்துவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என ரெண்டு குப்பியிலேயே முடித்துவிடுகிறார்கள். காய்ச்சலோடு இருக்கும் முதல் வகைக்கு மட்டும் இதைச் செய்யவே கூடாது. அழுத்தினால் பாக்டீரியா ரத்தத்துக்குள் போய்விடும்.

அந்தத் திரவத்தின் வேதியியலும் சுவாரஸ்யமானது. புராஸ்டேட் என்பது ஜிங்க் எனும் துத்தநாகத்தின் குடோன். பாக்டீரியாவைத் தடுக்கும் ஒரு பொருள் புராஸ்டேட் திரவத்தில் இருப்பது தெரிந்தும், அது என்னவென்று ரொம்ப நாள் பிடிபடவில்லை. அது துத்தநாகம்தான் என்று வில்லியம் ஃபேர் என்ற மருத்துவரின் குழு 1976-ல் சொன்னது. சிட்ரிக் அமிலமும் இந்தத் திரவத்தில் நிறைய உண்டு.

நாள்பட்ட தொற்று வந்தவர்களுக்கு எல்லாம் தலைகீழ். துத்தநாகம் குறையும், சிட்ரிக் அமிலம் குறையும், வெள்ளை அணுக்கள் கூடும். திரவத்தின் பி.எச் அளவு 8-ஐத் தாண்டி காரத்தன்மைக்குப் போகும். இந்த அளவுகள் ஆராய்ச்சிக்கு உதவுகின்றன. சாதாரண லேபில் தினசரி எடுக்கும் டெஸ்ட்டுகள் அல்ல.

'அப்போ ஜிங்க் மாத்திரை சாப்பிட்டால் போதுமா?' என்று கேட்கத் தோன்றும். இன்ஸ்டாவில் 'புராஸ்டேட் பூஸ்டர்' விளம்பரம் வேறு துரத்தும். ஆனால், நாள்பட்ட தொற்று உள்ளவர்களுக்கு ஜிங்க் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது, புராஸ்டேட் திரவத்தில் அதன் அளவு ஏறவில்லை. காசுதான் போகும்.

ஏன் இத்தனை வாரம் மாத்திரை?

சாதாரண சிறுநீர்த் தொற்றுக்குச் சில நாள் மருந்து போதும். புராஸ்டேட் அப்படியல்ல. ரத்தத்தில் இருக்கும் பல மருந்துகளால் இந்தச் சுரப்பிக்குள் நன்றாக நுழைய முடியாது. சிறுநீர்த் தொற்றுக்கு அடிக்கடி தரப்படும் நைட்ரோஃபியூரன்டாயின் இதற்குப் பயன்படாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை செய்த மாத்திரை உங்களுக்கு வேலை செய்யாது என்பதற்கு இதுவே சாட்சி.

திடீர் தொற்றுக்கு பொதுவாக 2 முதல் 4 வாரம், நாள்பட்ட தொற்றுக்கு 4 முதல் 6 வாரம் அல்லது அதற்கும் மேல் மருந்து தேவைப்படும். நிலைமை மோசமாக இருந்தால் முதலில் அட்மிட் செய்து ஊசி வழியாகக் கொடுத்துவிட்டு, பிறகு மாத்திரைக்கு மாற்றுவார்கள். காய்ச்சல் ரெண்டு, மூணு நாளில் விட்டுவிடும். ஆனால், பாக்டீரியா முழுசாகச் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நடுவில் நிறுத்தினால் மிச்சமிருப்பவை மருந்துக்குப் பழகி, நாள்பட்ட தொற்றாகத் திரும்பி வரலாம்.

மருந்துச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பது சட்டப்படியும் தவறு. செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்சசின் உட்பட பல ஆன்டிபயாடிக்குகள் 'ஷெட்யூல் எச் 1' பட்டியலில் உள்ளன. 2014 மார்ச் முதல் அமலில் இருக்கும் இந்த விதிப்படி, யாருக்கு, எந்த டாக்டரின் சீட்டில் விற்றோம் என்பதை மெடிக்கல் ஷாப் தனியாகப் பதிவு செய்து, 3 வருஷம் பாதுகாக்க வேண்டும்.

சுருக்கமா சொன்னா...

* நீர்க்கடுப்போடு காய்ச்சல் வந்தால் அது 'சூடு' அல்ல. இளநீர் குடிக்கலாம், ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டு.
* கல்ச்சர் சாம்பிள் கொடுத்த பிறகே ஆன்டிபயாடிக்.
* சொன்ன நாள்வரை மாத்திரையை முடிக்கவும். குதிகால் நரம்பு, மூட்டுப் பகுதியில் புதுசாக வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்; சில ஆன்டிபயாடிக்குகள் தசைநாரைப் பாதிக்கும்.
* தொற்று இருக்கும்போது வந்த பி.எஸ்.ஏ எண்ணை வைத்து முடிவுக்கு வரவேண்டாம். அதேபோல, மறு டெஸ்ட்டையும் தவறவிட வேண்டாம்.
* அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தால் பழைய கல்ச்சர் ரிப்போர்ட்களைத் தூக்கிப்போடாமல் மொத்தமாக எடுத்துப் போங்கள். அதே பாக்டீரியா திரும்பத் திரும்ப வருகிறதா என்பது அதில்தான் தெரியும்.

நண்பன் நாலு வாரம் மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் சாப்பிட்டான். அன்றைக்கு ராத்திரியே மனைவியிடமும் சொல்லிவிட்டான். "இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்று அவர் திட்டியதுதான் மிச்சம்.

ரெண்டு மாசம் கழித்து மறுபடி ஒரு போட்டோ வந்தது. பி.எஸ்.ஏ 1.1. கீழே ஒரே ஒரு வரி: "மச்சான், இந்தத் தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டுதான் உனக்கு அனுப்புறேன்!"